தட்டு முதலில், பெட்டி பிறகு

"வீட்டுல உக்காந்து நல்லா பாட்டு கேக்கணும், எந்த சிடி ப்ளேயர் வாங்கலாம்?" என்று வருஷத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். எல்லாப் பாட்டும் செல்போனில் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் கேட்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். இத்தனைக்கும் நான் ஒரு சாதாரண வங்கி அதிகாரி. படித்தது பி.காம்., ஃபிசிக்ஸ் எனக்குப் பத்தாம் வகுப்போடு சரி. ஊரை விட்டு இந்த வைப்பின் தீவுக்கு மாற்றலாகி வந்தபோது துணிமணிக்கு அடுத்தபடி அதிக எடையாக இருந்தது பாட்டுத் தட்டுப் பெட்டிகள்தான் என்பது ஆபீசில் பரவிவிட்டது. அதனால் வந்த வினை.

கேட்பவர்களுக்கு மாடல் நம்பர் சொல்லி அனுப்பிவிடலாம், இரண்டு நிமிஷ வேலை. ஆனால் இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசாகிறது. ஒவ்வொரு தலைமுறையும் இதைக் கேட்டிருக்கிறது, ஒவ்வொரு தலைமுறைக்கும் கடைக்காரர் "இதுதான் சார் கடைசி, இதுக்கு மேல ஒண்ணுமே கிடையாது" என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் மாடல் நம்பரை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கதை 1902-ல் ஆரம்பிக்கிறது. கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பெர்க் அந்த வருஷம் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலானவர்களைப் பதிவு செய்தார். தட்டு அச்சடிக்க அப்போது இங்கே ஆலை கிடையாது. பதிவு ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்குப் போய், அங்கே தட்டாகி, கப்பலில் திரும்பி வந்தது. கல்கத்தா சியால்தாவில் ஆலை வந்தது 1908-ல்தான். ஹானோவர் என்ற பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஏறக்குறைய அதே சமயத்தில் இன்னொரு தட்டும் சந்தைக்கு வந்தது. பிரான்சின் பாத்தே கம்பெனித் தட்டு. கல்கத்தாவில் இதைக் கொண்டுவந்தவர் எச். போஸ், குந்தலீன் என்ற கூந்தல் தைலம் விற்றுப் பேர் வாங்கியவர். கிராமபோன் தட்டில் ஊசி பக்கவாட்டில் ஆடும். பாத்தே தட்டிலோ பள்ளம் மேலும் கீழுமாக ஏறி இறங்கும். ஊசிக்குப் பதில் நீலக்கல் உருண்டை, அதனால் தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போடும் செலவு மிச்சம். ஆரம்ப காலத் தட்டுகள் உள்ளிருந்து வெளியே ஓடின. (எண்பது வருஷம் கழித்து வந்த சிடியும் உள்ளிருந்து வெளியேதான் ஓடுகிறது!) ஆனால் பாத்தே தட்டு சாதாரண கிராமபோனில் பாடாது, கிராமபோன் தட்டு பாத்தே பெட்டியில் பாடாது. கடைசியில் பக்கவாட்டு முறைதான் நிலைத்தது. பாத்தே பெட்டி வாங்கி வைத்திருந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவர்கள் வாங்கியது மட்டமான பெட்டி இல்லை, நல்ல பெட்டிதான். புதுத் தட்டு வருவதுதான் நின்றுபோயிற்று.

நம் பக்கத்தில் 1930-களில் ஏவி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளைத் தென்னிந்தியாவெங்கும் கொண்டுபோனது. நல்லவேளையாக அந்தத் தட்டு எச்.எம்.வி. பெட்டியிலும் பாடியது. அதனால் தட்டு விற்பவரும் பெட்டி விற்பவரும் வேறு வேறாக இருந்தாலும் வாங்குபவருக்குத் தொல்லை இல்லை. அந்த 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம்தான் பாட்டு.

1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 33⅓ சுற்று எல்.பி.யைக் கொண்டுவர, மறு வருஷமே ஆர்.சி.ஏ. போட்டிக்கு 45 சுற்றுத் தட்டை இறக்கியது. இந்தச் சண்டையில் யாரும் சாகவில்லை. மூன்று வேகத்திலும் சுற்றும் பெட்டி வந்து சமாதானம் செய்துவைத்தது. எம்.எஸ். அம்மாவின் வெங்கடேச சுப்ரபாதம் 1963-ல் எல்.பி.யாக வந்ததை இங்கே சொல்ல வேண்டும். 78-ல் அதைத் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்க முடியும். எச்.எம்.வி.யின் ஃபியஸ்டா, காலிப்ஸோ பெட்டிகள் வைத்திருந்த வீடுகளில் அந்தத் தட்டு அநேகமாக இருக்கும். பெட்டி ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் தட்டு காலத்துக்கும் நின்றது.

இப்போது ஹானோவருக்கு வருவோம். கௌஹர் ஜானின் தட்டை அச்சடித்த அதே கம்பெனியின் வாரிசு, அதே ஹானோவரை ஒட்டிய லாங்கன்ஹாகனில், 1982 ஆகஸ்ட் 17-ஆம் தேதி சிடி அச்சடிக்க ஆரம்பித்தது. அக்டோபர் 1-ஆம் தேதி ஜப்பானில் சோனியின் சி.டி.பி.-101 விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென்.

வினாடிக்கு 44,100 மாதிரி என்று சிடிக்கு ஒரு கணக்கு உண்டே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? காதிலிருந்து மட்டும் வரவில்லை, வீடியோ டேப்பிலிருந்தும் வந்தது. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதைப் பதிய அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி வேண்டும். அவ்வளவு எண்களைச் சேமிக்க அன்றைக்கு இருந்த வழி வீடியோ டேப்தான். நம் ஊர் டிவி முறைப்படி ஒரு ஃபீல்டுக்கு 294 வரி, வினாடிக்கு 50 ஃபீல்டு, வரிக்கு 3 மாதிரி. பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். (ஆடிட் புத்தியில் நானும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், டேலி ஆகிறது :-))

இதைவிட ருசியான கதை ஒன்று உண்டு. சிடியை 14 பிட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றது ஃபிலிப்ஸ், 16 வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ஜெயித்தது சோனி. ஆனால் ஃபிலிப்ஸ் கையில் தயாராக இருந்ததோ 14 பிட் சிப். என்ன செய்தார்கள்? மாதிரிகளை நாலு மடங்காக்கி, அந்த 14 பிட் சிப்பிலிருந்தே 16 பிட்டுக்கு ஈடான ஒலியைக் கறந்தார்கள். சோனியின் முதல் பெட்டியிலோ இடது வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாற்றிதான், மாறி மாறி வேலை செய்யும். விளம்பரத்தில் 16 பெரிசு, 14 சின்னது. ஆனால் ஃபிலிப்ஸ் பெட்டிதான் காதுக்கு இதமாக இருக்கிறது என்று சொன்னவர்கள் ஏராளம். அந்தப் பழைய 14 பிட் பெட்டிகளை இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

எனக்கு இது எங்கள் தொழிலை ஞாபகப்படுத்துகிறது. "வெறும் 7 சதவீதம் வட்டி" என்று ஃப்ளாட் ரேட்டில் ஒருவர் கடன் விளம்பரம் செய்வார். குறையும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். விளம்பரத்தில் பொய் இல்லை, ஆனால் அந்த எண் நமக்கு வேண்டிய எண் இல்லை. 16 பிட், 1 பிட், 24 பிட் என்று ஒவ்வொரு பத்து வருஷமும் பெட்டி மூஞ்சியில் ஒட்டப்பட்ட எண்களும் இதே ஜாதி.

பாத்தே கதை 1999-ல் மறுபடி அரங்கேறியது. சோனியும் ஃபிலிப்ஸும் சேர்ந்து எஸ்.ஏ.சி.டி. கொண்டுவந்தார்கள். மறு வருஷம் எதிரணியின் டிவிடி-ஆடியோ வந்தது. இரண்டுமே சிடியைவிட நுட்பமானவை, சந்தேகமில்லை. மேற்கத்திய செவ்வியலும் ஜாஸும் கேட்பவர்களுக்கு எஸ்.ஏ.சி.டி. இன்றும் பொக்கிஷம். ஆனால் நாம் கேட்கும் பாட்டு? இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் 1986-ல் வந்தது, நத்திங் பட் விண்ட் 1988-ல். நம்மில் முக்கால்வாசிப் பேர் இவற்றைத் தேய்த்துக் கேட்டது கேசட்டிலும் சிடியிலும்தான். தமிழ்ப் படப் பாட்டு, கர்நாடகக் கச்சேரி இரண்டும் அந்தப் புது வகைத் தட்டுகளில் பெரிய அளவில் வரவே இல்லை. எல்லா வகைத் தட்டும் பாடும் பெட்டி செய்து ரசிகர்களிடம் நல்ல பேர் வாங்கிய ஓப்போவும் 2018-ல் கடையை மூடிவிட்டது. பழைய கிராமபோன் கம்பெனியின் இன்றைய அவதாரமான சரிகம, 2017-ல் ஐயாயிரம் பாட்டை உள்ளே அடைத்து கார்வான் என்று பெட்டி விற்றது. தட்டு விற்ற கம்பெனியே தட்டில்லாத பெட்டிக்கு மாறிவிட்டது.

அப்புறம் எதற்குத் தட்டு, எதற்குப் ப்ளேயர்? மட்டாஞ்சேரியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சென்ற வருஷம் இதையேதான் கேட்டார். "சாரே, மோன் பறையுன்னு எல்லாம் ஃபோணில் உண்டெந்நு." முந்நூறு சிடி வைத்திருக்கிறார், பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொல்கிறான் மகன். நான் அவரிடம் சொன்னது இது. ஃபோனில் பாட்டின் பேர் இருக்கிறது, அதே ஒலிப்பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பாட்டுகளை மறுபடி வெளியிடும்போது சத்தம் குறைவான இடத்தையும் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே உரப்பாக ஆக்கிவிடுவது 1990-களிலிருந்து உலகம் முழுக்க நடக்கிறது. மிருதங்கத்தின் அடிக்கும் தம்புராவின் மீட்டலுக்கும் நடுவிலிருந்த தூரம் போய்விடும். முதலில் வந்த சிடியில் அந்தத் தூரம் இருந்தால், உங்கள் கையில் இருப்பதுதான் மூலப் பத்திரம். ஃபோனில் இருப்பது நகல்.

இதே மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி பக்கத்தில் இதற்கு ஒரு சாட்சியும் உண்டு. மெஹ்பூப் பாய் 1981-ல் காலமானார். சினிமாவில் பாடியது தட்டில் இருக்கிறது. ஆனால் இந்தச் சந்துகளின் கல்யாண வீடுகளில் விடிய விடிய அவர் பாடியதில் பெரும்பகுதி எந்தத் தட்டிலும் ஏறவில்லை. கேட்டவர்கள் சொல்லத்தான் கேட்கிறோம். அவருக்குப் பின் வந்த மட்டாஞ்சேரி உம்பாயி 2018-ல் மறைந்தார், அவருடைய மலையாள கஸல்கள் கேசட்டிலும் சிடியிலும் பதிவாகி நிற்கின்றன. எத்தனை லட்சம் கொடுத்து ப்ளேயர் வாங்கினாலும் தட்டில் ஏறாத பாட்டை அது பாடாது. ஏறியதைப் பழைய பேப்பருக்குப் போடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

சரி, எதை வாங்கலாம்? முதலில் உங்கள் தட்டுகளை எண்ணுங்கள். தொண்ணூறு சதவீதம் சாதாரண சிடி என்றால் சாதாரண சிடி ப்ளேயர் போதும். மராண்ட்ஸ், யமஹா, டெனான் மாதிரி இன்னும் சிடி ப்ளேயர் செய்கிறவர்களின் கீழ்ப்படி மாடலே தாராளம். எஸ்.ஏ.சி.டி. கையில் இருந்தால் மட்டும் அதைப் பாடும் பெட்டி.

இரண்டாவது, பின்பக்கம் டிஜிட்டல் அவுட் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால், நாளைக்கு நல்ல சிப் வந்தாலும் வெளியே ஒரு மாற்றிப் பெட்டியை மட்டும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். பரணில் கிடக்கும் பழைய டிவிடி ப்ளேயரில் அந்த ஓட்டை இருந்தால் அதுவே ஆரம்பத்துக்குப் போதும்.

மூன்றாவது, ப்ளேயரில் முதலில் கெடுவது சிப் இல்லை. லேசர் கண்ணும் ட்ரேயை இழுக்கும் ரப்பர் பெல்ட்டும்தான். எங்களைப் போலக் கடல் காற்றில் குடியிருப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அந்த உதிரிபாகம் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று வாங்கும் முன் விசாரியுங்கள். தட்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், கம்ப்யூட்டரில் ஒரு பிரதியும் எடுத்துவிடுங்கள்.

மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். ப்ளேயருக்கு ப்ளேயர் வித்தியாசம் கொஞ்சம்தான், ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். பெட்டிக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதித்தான் ஆக வேண்டும். தட்டுக்கு நான் எழுதுவதில்லை.