மின்கொள்முதல் ஒப்பந்தங்களில் பிளாக்செயினுக்கு உரிய இடம்

2019 ஜூலையில் ஆந்திரப் பிரதேச அரசு, காற்றாலைகளோடும் சூரிய மின் நிலையங்களோடும் ஏற்கெனவே கையெழுத்தான நீண்டகால ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்க உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. இடைக்காலமாக யூனிட்டுக்குக் காற்றாலைக்கு 2.43 ரூபாயும் சூரிய மின்சாரத்துக்கு 2.44 ரூபாயும் தந்தால் போதும் என்றார் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி. ஒப்பந்த விலையையே தர வேண்டும் என்று டிவிஷன் பெஞ்ச் தீர்ப்பளித்தபோது 2022 மார்ச் ஆகிவிட்டது. அவ்வழக்கின் மையம் விலை. மின்சாரம் எவ்வளவு உற்பத்தியானது என்பதல்ல.

மின்கொள்முதல் ஒப்பந்தங்களைப் பிளாக்செயினில், அதாவது பல தரப்பினர் பகிர்ந்து வைத்திருக்கும் மின்னணுப் பதிவேட்டில், ஏற்றச் சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைப் போதிய அளவு கருதுவதில்லை. மீட்டர் அளவு பதிவானதும் அதில் எழுதிவைத்த நிரல் வழியே பணம் தானே கைமாறும் என்பது அவர்களது முதன்மை வாதம். ஆனால் முன்கூட்டி ஒதுக்கிவைத்த பணத்தைத்தான் நிரல் விடுவிக்க முடியும். 2022 ஜூனில் இந்திய மின்பகிர்மான நிறுவனங்கள் உற்பத்தியாளர்களுக்குத் தர வேண்டிய பாக்கி சுமார் 1.38 லட்சம் கோடி ரூபாய். அதை அசைத்தது அந்த ஆண்டு வந்த தாமதச் செலுத்தல் கூடுதல் கட்டண விதிகள்: பாக்கியை 48 தவணை வரை பிரித்துச் செலுத்தலாம், தவறினால் குறுகியகாலச் சந்தையில் மின்சாரம் வாங்க முடியாது என்றன அவை. இது சட்டத்தின் வலிமை.

ஆயினும் இத்தொழில்நுட்பம் உண்மையிலேயே பயன்படக்கூடிய ஓரிடம் உண்டு. அது, பல நுகர்வோர் சேர்ந்து தங்கள் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு மின் நிலையத்தில் பங்கு வைத்திருக்கும் குரூப் கேப்டிவ் ஏற்பாடு. 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, பயனாளிகள் உற்பத்தி நிலையத்தில் குறைந்தது 26 விழுக்காடு பங்கு வைத்திருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் 51 விழுக்காட்டையேனும் அவர்களே நுகர வேண்டும். தவறினால் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் விழும். தென்மாவட்டக் காற்றாலைகளில் பங்கு வைத்திருக்கும் கோவை, திருப்பூர் ஆலைகளுக்கு இது பெரும் சுமை. நிதியாண்டின் நடுவே பங்குகள் கைமாறுகின்றன. பங்கேடு உற்பத்தி நிறுவனத்திடமும் நுகர்வுக் கணக்கு பகிர்மான நிறுவனத்திடமும் இருக்கின்றன. ஆண்டு முடிந்து நடக்கும் சரிபார்ப்பில் இவை முரண்பட்டால், எது சரி என்று காட்டப் பொதுவான பதிவு இல்லை.

ஒருவரை ஒருவர் முழுதும் நம்பாத பல தரப்பினர், ஒரே கணக்கின் மீது உரிமை உடையவர்கள்: பிளாக்செயின் பொருந்தும் சூழல் இதுவே. 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும் மீட்டர் அளவும், பங்கு மாற்றமும் அனைவர் கையொப்பத்தோடும் அதில் ஏறினால், பின்னால் ஒருவர் தனியாகத் திருத்த முடியாது. அனுமதி பெற்றவர்கள் மட்டுமே அணுகும் அமைப்பாக அது இருக்க வேண்டும். ஏனெனில், ஓர் ஆலையின் மின் நுகர்வு அதன் உற்பத்தியையே காட்டிக்கொடுத்துவிடும். போட்டியாளர்களும் அதே நிலையத்தில் பங்குதாரர்களாக இருக்கலாம்.

மீட்டரே தவறானால் அந்தத் தவறும் அழியாமல் நிற்கும். எனவே மீட்டர்களைச் சோதித்து முத்திரையிடுவதைச் சுயேச்சையான அமைப்பிடம் விடுவது முன்நிபந்தனை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இந்த நிபந்தனையோடு, விருப்பமுள்ள சில குரூப் கேப்டிவ் நிலையங்களில் இதை ஒரு நிதியாண்டு முழுவதும் சோதித்து, முடிவுகளைப் பொதுவில் வெளியிட வேண்டும்.