ஆனக்கள்ளன் (பாடல்)

'ஆனக்கள்ளன்' என்பது கேரளத்தின் 'அவியல்' ராக் இசைக்குழு, 2011-இல் வெளியான 'சால்ட் அண்ட் பெப்பர்' மலையாளப் படத்துக்காக உருவாக்கிய பாடல். முதல் பாடகர் விலகிய பிறகும் ஒரு குழு தழைக்க முடியும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே கிடைக்கும் நல்ல சான்று இது.

அவியலுக்கு முன்பே கேரளத்தில் ராக் இசைக்கு ஆட்கள் இருந்தார்கள். 1977-இல் தொடங்கிய கொச்சியின் '13 ஏடி' குழு, 1990-இல் 'கிரவுண்ட் ஜீரோ' ஆல்பத்தால் நாடறிந்த பெயரானது. ஆனால் அவர்கள் பாடியது ஆங்கிலத்தில். வீட்டில் மலையாளம், மேடையில் ஆங்கிலம் என்பதுதான் அன்றைய வழக்கம். 2003-இல் திருவனந்தபுரத்தில் உருவான அவியல் அதை உடைத்தது. கிதாரில் ரெக்ஸ் விஜயன், டிரம்ஸில் மிதுன் புத்தன்வீட்டில், பேஸ் கிதாரில் நரேஷ் காமத், டர்ன்டேபிளிலும் சிந்தசைசரிலும் டோனி ஜான், பாட ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பால். 'நட நட' என்ற முதல் பாடலின் வீடியோ இவர்களை ஊரறியச் செய்தது. தாய்மொழியில் கத்திப் பாடினாலும் ராக் ராக்காகவே இருக்கும் என்று இளைஞர்கள் கண்டுகொண்டது அந்தப் பாட்டில்தான். அதன் பின் ஆனந்த்ராஜ் குழுவிலிருந்து விலகினார். முதல் வெற்றியில் அவருடைய குரலுக்கு இருக்கும் பங்கை, பின்னால் வந்த புகழை வைத்துக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல.

திரையிசையில் வளர்ந்த நமக்கு இந்த இழப்பின் கனம் சட்டென்று பிடிபடாது. ஒரே இசையமைப்பாளரின் மெட்டை ஒரு நாள் எஸ்.பி.பி. பாடினார், இன்னொரு நாள் ஜேசுதாஸ் பாடினார். யாரும் குறை சொன்னதில்லை. ராக் குழுவில் பாடகர் கூலிக்குப் பாட வந்தவர் அல்ல. குழுவின் முகமே அவர்தான். ஆஸ்திரேலியாவின் 'ஏசி/டிசி' குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தபோது, குழுவைக் கலைத்துவிடலாமா என்றே மற்றவர்கள் யோசித்தார்கள். பிறகு இங்கிலாந்திலிருந்து பிரையன் ஜான்சனை அழைத்து வந்து, பஹாமாஸ் தீவில் ஒலிப்பதிவு செய்து, அதே ஆண்டு ஜூலையில் 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். துக்கத்துக்கு அடையாளமாக அட்டை முழுக்கக் கறுப்பு. அதிலிருந்து தனியாக வெளிவந்த 'யூ ஷுக் மீ ஆல் நைட் லாங்' அமெரிக்காவில் அவர்களுடைய முதல் 'டாப் 40' வெற்றி.

அவியல் வெளியே ஆள் தேடவில்லை. இசைத்தட்டைச் சுழற்றிக்கொண்டிருந்த டோனி ஜானே மைக்கைப் பிடித்தார். புதியவரைக் கூட்டி வந்திருந்தால் முந்தைய குரலோடு அவரை ஒப்பிட்டே தீர்த்திருப்பார்கள். டோனிக்கு அந்த இசையின் கட்டுமானம் உள்ளிருந்தே தெரியும். எந்த இடத்தில் குரல் ஓங்க வேண்டும், எந்த இடத்தில் கிதாருக்கு வழிவிட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 2008-இல் ஃபேட் ஃபிஷ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட 'அவியல்' ஆல்பத்தில் இது நன்றாகவே கேட்கும். அதிலுள்ள 'ஆடு பாம்பே' ஸ்ரீ நாராயண குருவின் குண்டலினிப் பாட்டு. நம் பாம்பாட்டிச் சித்தரின் மரபில் வந்த அந்தப் பாட்டை மின்கிதாரோடு கேட்கும்போது, சித்தர் பாடலும் ராக் இசையும் அவ்வளவு தூரத்து உறவல்ல என்று தோன்றும். குழுவின் மிக நல்ல வேலை இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் ஆல்பம் வாங்கிக் கேட்பவர்கள் எப்போதுமே சிலர்தான்.

குழுவைப் பலரிடம் கொண்டுபோனது சினிமா. ஆஷிக் அபு இயக்கிய 'சால்ட் அண்ட் பெப்பர்' சாப்பாட்டுப் பிரியர்களின் கதை. தோசை கேட்டு ஒரு பெண் போன் செய்ய, அழைப்பு தவறிப்போய் ஒரு தொல்லியல் அதிகாரியிடம் சேர்கிறது, அங்கிருந்து காதல். லாலும் ஸ்வேதா மேனனும் நடித்தார்கள். படத்துக்கு இசை பிஜிபால். 'ஆனக்கள்ளன்' மட்டும் அவியலுடையது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது வரும் பாட்டு அது. அந்த நேரத்தில் ரசிகர்கள் எழுந்து செருப்பைத் தேடுவதுதான் வழக்கம். பாட்டு அவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும். ரெக்ஸின் கனத்த கிதார் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட, டோனி அதன்மேல் ராகம் இழுக்காமல், கூட்டத்தில் கோஷம் போடுவதைப் போலச் சொற்களை வீசுகிறார். திரைப்பாட்டின் பல்லவி, சரண ஒழுங்குக்குப் பழகிய காதுக்கு அது புதிது. படமும் ஓடியது, பாட்டும் பரவியது. அவியல் என்றதும் பலருக்கு டோனியின் குரல் நினைவுக்கு வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ரெக்ஸ் விஜயன் அதே 2011-இல் 'சாப்பா குரிசு' படத்துக்கும், பின்னர் 'நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி' (2013), 'மாயாநதி' (2017) ஆகியவற்றுக்கும் இசையமைத்தார். 'சால்ட் அண்ட் பெப்பர்' தமிழில் பிரகாஷ்ராஜ் இயக்கி நடித்த 'உன் சமையலறையில்' (2014) ஆனது. அதற்கு இசை இளையராஜா என்பதால் பாடல்கள் முற்றிலும் வேறு. 'ஆனக்கள்ளன்' மலையாளத்திலேயே நின்றது.