நாலு கேள்வி மலையேறிய கதை

‘லைஃப் கோச்சிங்’ என்ற சரக்கு பிறந்தது டெனிஸ் திடலில். 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் டெனிஸ் சொல்லிக்கொடுத்த திமோத்தி கால்வே ஒன்றைக் கவனித்தார்: மணிக்கட்டை இப்படித் திருப்பு, காலை அப்படி வை என்று சொல்லச் சொல்ல ஆட்டக்காரர் இன்னும் தடுமாறினார். பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல், அவ்வளவைச் சொல்லிக்கொண்டு ஆடு என்றதும் ஆட்டம் தானாகத் திருந்தியது. 1974இல் இதைப் புத்தகமாக்கினார். ஹரித்வாரில் பிறந்த குரு மகராஜ்ஜியின் சீடராக அவர் அப்போது இருந்தார். நம் பக்கத்துத் தியானச் சரக்கு கடல் கடந்து, விலை கூடித் திரும்பி வருவது புதிதா என்ன?

அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் ஜோன் விட்மோர். 1965இல் ஐரோப்பிய டூரிங் கார் பந்தயத்தில் சாம்பியன் ஆனவர். டெனிஸ் கற்க வந்த கம்பெனி மனேஜர்கள், இதையே ஆபீஸில் செய்தால் என்ன என்று கேட்டார்கள். 1980களில் விட்மோரும் கூட்டாளிகளும் இதை நாலு கேள்விகளாகச் சுருக்கினார்கள். 1992இல் அவருடைய புத்தகம் வந்தது. அமெரிக்காவில் தோமஸ் லெனர்ட் என்ற நிதி ஆலோசகர் இதைத் தனித் தொழிலாகவே வளர்த்து, 1995இல் கோச்சுகளுக்கென்று சர்வதேசச் சம்மேளனம் தொடங்கினார். பிறகு சான்றிதழ், கட்டணம், மண்டபம்.

நம் மலையகத்து மஸ்கெலியாவுக்கு அது வந்தது வேறு உடுப்பில்: பாடசாலையின் தொழில் வழிகாட்டல் வகுப்பாக, பயிற்சிப் பட்டறையாக, போனில் ஓடும் வீடியோவாக. தோட்டத்துப் பேச்சில் அந்த நாலு கேள்வி இப்படி வரும்: நீ என்னவா ஆகணும்? இப்ப உன் நிலைமை என்ன? என்னென்ன வழி இருக்கு? அதில எதை, எப்ப செய்யப் போற?

முதல் கேள்வியைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. இங்கே பரம்பரை பரம்பரையாகப் பொழுது விடிந்தது பிரட்டுக்களத்தில். இன்று எந்த மலையில் கொழுந்து, யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்று கணக்கப்பிள்ளையும் கங்காணியும் சொல்வார்கள். 1947இல் மஸ்கெலியா ஜீ. ஆர். மோத்தாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது; அடுத்த வருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவரை அனுப்பிய மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட லயத்துப் பிள்ளையிடம் ஒரு ரீச்சர் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டால், அதுவே பெரிய விஷயம்தான்.

ஆனால் விட்மோரின் வழியில் வந்தவர்கள் விடை உனக்குள்ளேயே இருக்கிறது என்கிறார்கள். கம்பெனி மனேஜருக்கு அது சரியாக இருக்கலாம். மஸ்கெலியாவில் இரண்டாம் கேள்வியிலேயே வண்டி நின்றுவிடுகிறது. எத்தனையோ லய அறைகளுக்குத் தனி விலாச இலக்கம் கிடையாது. கடிதம் தோட்ட ஆபீஸுக்குப் போய், கைமாறி, நேர்முகப் பரீட்சை முடிந்தபிறகு வீடு வந்து சேர்ந்த கதைகளை எந்தத் தோட்டத்திலும் கேட்கலாம். கொழுந்துக்கூடை சுமக்கும் அம்மாவின் நாட்சம்பளத்துக்குள்தான் பஸ் காசும் டியூஷன் காசும். ஓ.எல். எழுதி முடித்த பையனைக் கொழும்புக் கடைக்கு அழைக்க ஆள் வந்து நிற்கிறார். தன்னம்பிக்கை போதாமல் அவன் போவதில்லை. வீட்டுக் கடன் அனுப்புகிறது. ‘உன்னால் முடியும்’ என்று மைக்கில் கத்திவிட்டுப் போகும் பேச்சாளர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

கேள்வி மட்டும் போதாது என்பதை நன்றாக அறிந்தவர் ஒருவர், கோச் என்ற பெயரே இல்லாத காலத்தில், இந்த மலைகளில் நடந்திருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியாள் உள்ளே நுழைய முடியாத 1920களில், புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போய்த் தொழிலாளரின் நிலையை நேரில் விசாரித்தார். விசாரித்ததோடு நிற்கவில்லை. பத்திரிகை நடத்தினார், தொழிலாளர் சட்டத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தார், 1931இல் ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுக் கட்டித் தோட்ட மக்களிடம் பாடினார். கேள்வியோடு சட்டமும் சங்கமும் சேர்ந்து போனதால்தான் அங்கே வழி பிறந்தது.

இன்றைக்கு அதிகம் தேவைப்படுவது மூன்றாம் கேள்வி. வழிகள் இருக்கின்றன, செய்திதான் லயம்வரை ஏறுவதில்லை. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. மேசன் வேலையை வருடக்கணக்காகச் செய்து பழகிய அண்ணன், பாடநெறிக்குப் போகாமலே தன் அனுபவத்தை மதிப்பிடச் செய்து என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்கலாம். இது எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

மஸ்கெலியாப் பாடசாலைகளில் படித்து இன்று ரீச்சராக, நேர்ஸாக, கிராம சேவகராக இருப்பவர்களே, ஓ.எல். பெறுபேறு வரும் வாரத்தில் உங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக ஒரு பின்னேரத்தை ஒதுக்குங்கள். நாலு கேள்வியையும் கேளுங்கள். போகும்போது விண்ணப்பப் படிவங்களையும் கையோடு கொண்டுபோங்கள்; கடிதம் வந்து சேர உங்கள் விலாசத்தையே கொடுங்கள்.