சிரிப்புக்கு யார் சொந்தக்காரர்?

குரல்களின் கதை – தொடர்

1948-ல் அமெரிக்க வானொலிகள் ஓயாமல் ஒலிபரப்பிய ஒரு பாட்டு உண்டு. வுடி வுட்பெக்கர் என்ற கார்ட்டூன் மரங்கொத்தியைப் பற்றிய பாட்டு அது. கே கைசரின் இசைக்குழு பாடி வெளியிட்ட இசைத்தட்டு விற்பனையில் முதலிடத்துக்குப் போனது. பாட்டுக்கு உயிர் கொடுத்தது அதில் திரும்பத் திரும்ப வரும் சிரிப்பு. கிடுகிடுவென்று மேலே ஏறி, உச்சியில் ஒருமுறை முட்டி, படபடவென்று கீழே சிதறும் சிரிப்பு. குழந்தைகள் தெருவெல்லாம் அதைச் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள்.

அந்தச் சிரிப்பைப் பிறப்பித்தவருக்கு அந்தப் பாட்டிலிருந்து ஒரு காசு வரவில்லை. அவர் மெல் பிளாங்க். வுடியின் முதல் சில படங்களுக்கு 1940, 41-ல் குரல் கொடுத்தவர். பிறகு வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தமாகி அவர் விலகிவிட்டார். சிரிப்பு மட்டும் ஒலிப்பதிவில் தங்கிவிட்டது. தயாரிப்பாளர் வால்டர் லான்ட்ஸ் மீது அவர் வழக்குப் போட்டார். சிரிப்புக்கு அவர் பதிப்புரிமை வாங்கி வைத்திருக்கவில்லை என்று சொல்லி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. லான்ட்ஸ் பிறகு சமரசமாகி ஒரு தொகை கொடுத்தார்.

பாட்டெழுதியவருக்கு உரிமை உண்டு, மெட்டுப் போட்டவருக்கு உரிமை உண்டு, மரங்கொத்தியை வரைந்த நிறுவனத்துக்கும் உரிமை உண்டு. தொண்டையிலிருந்து வந்த ஒன்றை எந்தப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்வது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. பிளாங்கின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்வி அவரைப் பின்தொடர்ந்தது. இந்த வாரம் அவரை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

மெல்வின் ஜெரோம் பிளாங்க் 1908 மே 30 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தது வடக்கே ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில். பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அக்கம்பக்கமாக வாழ்ந்த பகுதி. இத்திஷ் மொழி பேசும் முதியவர்கள் ஆங்கிலத்தை எப்படி வளைக்கிறார்கள், சீனர் எப்படிச் சொல்கிறார், ஜப்பானியர் எப்படிச் சொல்கிறார் என்று பையன் காது கொடுத்துக் கேட்டான், வாயில் போட்டுப் பார்த்தான். அந்த மரங்கொத்திச் சிரிப்பும் பள்ளிக்கூடத்தில் பிறந்ததுதான். நீண்ட நடைக்கூடத்தில் எதிரொலி நன்றாகக் கேட்கும் என்பதற்காக அப்படிச் சிரித்துக்கொண்டே ஓடுவாராம், அவரே சொல்லியிருக்கிறார். படிப்பில் அக்கறை இல்லாததைக் கண்டு ஓர் ஆசிரியர், 'உன் குடும்பப் பெயரைப் போலவே நீயும் வெற்றுக் காகிதமாகத்தான் போவாய்' என்ற பொருளில் திட்டினார். பையன் பதினாறு வயதில் பெயரின் கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டான்.

1927-ல், பத்தொன்பது வயதில், போர்ட்லாந்தின் கே.ஜி.டபிள்யூ. வானொலியில் பாடவும் வேடிக்கை செய்யவும் தொடங்கினார். வயலின் தெரியும், டியூபா ஊதத் தெரியும். ஆனால் அவரைச் செதுக்கிய ஆண்டுகள் 1933-க்குப் பிறகு வருகின்றன. அந்த வருடம் எஸ்டெல் ரோசன்பாமைத் திருமணம் செய்துகொண்டார். கணவனும் மனைவியுமாக அதே ஊரின் கே.இ.எக்ஸ். நிலையத்தில் ஒரு மணி நேர நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தினார்கள். பொருளாதார வீழ்ச்சிக் காலம். வேறு நடிகர்களுக்குச் சம்பளம் தர முடியாது என்று நிலையம் சொல்லிவிட்டது. கதையில் கடைக்காரர், போலீஸ்காரர், கிழவர், குழந்தை, நாய் என்று எத்தனை பேர் வந்தாலும் இரண்டே தொண்டைகள்தான் பேசியாக வேண்டும். ஆயிரம் குரல் மனிதர் என்று பின்னாளில் விளம்பரம் செய்தார்களே, அந்த ஆயிரத்தின் முதல் நூறு, ஒரு முதலாளியின் சிக்கனத்தால் பிறந்தவை.

1930களின் நடுவில் இருவரும் லாஸ் ஏஞ்சலீஸ் வந்தார்கள். வார்னர் பிரதர்ஸுக்காகக் கார்ட்டூன் எடுத்துக்கொண்டிருந்த லியோன் ஷ்லெசிங்கரின் ஸ்டூடியோ வாசலில் பிளாங்க் திரும்பத் திரும்பப் போய் நின்றார். 'வேண்டிய குரல்கள் இருக்கின்றன' என்று ஓர் அதிகாரி ஒன்றரை வருடம் திருப்பி அனுப்பினார். அவர் இடத்தில் ட்ரெக் பிரவுன் என்ற ஒலிக்கலைஞர் வந்த பிறகுதான் கதவு திறந்தது. பிரவுன் கேட்டார், சிரித்தார், இயக்குநர்களைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். முதல் வேலை, 1937-ல் ஒரு படத்தில் குடிகாரக் காளை.

அதே ஆண்டு போர்க்கி என்ற திக்குவாய்ப் பன்றியின் குரல் அவரிடம் வந்தது. அதுவரை அதற்குப் பேசிய ஜோ டோஹெர்ட்டிக்கு உண்மையிலேயே திக்குவாய். எங்கே திக்கும், எங்கே விடும் என்பது அவர் கையில் இல்லை. ஒலிப்பதிவு நீண்டுகொண்டே போய் செலவு ஏறியது. பிளாங்க் திக்கலைத் தாளத்துக்குள் கொண்டுவந்தார். ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு, முடியாமல், அதை விட்டுவிட்டு வேறு சொல்லுக்குத் தாவும் அந்த வேடிக்கை அவர் அமைத்தது. போர்க்கியாக அவர் பேசிய முதல் படத்திலேயே டாஃபி என்ற வாத்தும் அறிமுகமானது, அதற்கும் அவர்தான் குரல்.

1940 ஜூலை 27 அன்று டெக்ஸ் ஏவரி இயக்கிய படத்தில் பக்ஸ் பன்னி தன் முழு உருவத்தில் வந்தது. முயலைச் சாதுவாக்காமல் நியூயார்க்கின் ப்ரூக்லின், பிராங்ஸ் பேட்டைகளின் வாய்த்துடுக்கைக் கலந்து கொடுத்தார் பிளாங்க். கேரட் கடிக்கும் சத்தத்துக்கு வேறு காய்களைக் கடித்துப் பார்த்தார்கள், எதுவும் அப்படிக் கேட்கவில்லை. கடிப்பார், மெல்லுவார், விழுங்க நேரமில்லாமல் பக்கத்தில் இருந்த வாளியில் துப்பிவிட்டு அடுத்த வசனத்தைப் பேசுவார். துப்பாக்கி தூக்கும் குள்ளன் யோசமிட்டி சாமுக்குத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். பூனை சில்வெஸ்டருக்கு எச்சில் தெறிக்க வேண்டும். டாஃபிக்கும் ஏறத்தாழ அதே உச்சரிப்புதான், ஒலிப்பதிவை வேகப்படுத்தி வாத்தாக்கினார்கள்.

இந்த வேலை நடக்கும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய பங்கு புரியும். படம் வரைந்த பிறகு வாயசைவுக்கு ஏற்பப் பேசுவது நம் டப்பிங் முறை. அங்கே குரல் முதலில் பதிவாகும். ஓவியர்கள் அந்தப் பதிவைக் கேட்டுக் கேட்டு, எந்த எழுத்தில் வாய் திறக்கிறது, எங்கே மூச்சு இழுக்கிறது என்று சட்டம் சட்டமாகக் குறித்து வரைவார்கள். ஆகவே புருவம் ஏறுவதும் தோள் குலுங்குவதும் பிளாங்கின் பேச்சிலிருந்து பிறந்தவை. சக் ஜோன்ஸ், ஃபிரிஸ் ஃப்ரெலெங் போன்ற மேதைகள் இயக்கினார்கள் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. அவர்கள் கையில் கிடைத்த மூலப்பொருள் ஏற்கெனவே நடித்து முடிக்கப்பட்ட பாத்திரம் என்பதும் உண்மை. அவரை மிமிக்ரிக் கலைஞர் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. மிமிக்ரிக்கு அசல் ஒன்று வேண்டும். பக்ஸ் பன்னிக்கு முன்னால் பக்ஸ் பன்னி போல் யாரும் பேசியதில்லை.

அவருக்குள் இருந்த நகைச்சுவை நடிகரை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் ஜாக் பென்னியின் வானொலி நிகழ்ச்சிக்குப் போக வேண்டும். கஞ்சனாக நடித்துப் புகழ்பெற்றவர் பென்னி. அவர் வீட்டு நிலவறையில் காவல் இருக்கும் பனிக்கரடியாக உறுமுவதுதான் பிளாங்குக்கு முதலில் கிடைத்த வேடம். ஆறு மாதம் உறுமிய பிறகு, 'எனக்குப் பேசவும் வரும்' என்று பென்னியிடமே போய்ச் சொன்னாராம். அதன் பிறகு வேடங்கள் குவிந்தன. பென்னியின் வயலினைச் சகிக்க முடியாமல் தவிக்கும் பிரெஞ்சு ஆசிரியர் அவர். ஒருநாள் பென்னியின் ஓட்டைக் கார் கிளம்பும் சத்தத்துக்கான இசைத்தட்டு நேரலையில் வேலை செய்யாமல் போக, மைக்குக்கு ஓடி இருமி, செருமி, விக்கி, வெடித்து, வாயாலேயே வண்டியைக் கிளப்பினார். அதுமுதல் அந்தக் கார் வேடமும் அவருக்கே.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுவது அவருடைய ரயில் நிலைய அறிவிப்பு. அனஹைம், அசூசா, குக்கமோங்கா என்று மூன்று சிறு ஊர்களின் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது பெயரில் 'குக்' என்று சொல்லி நிறுத்துவார். பென்னி வேறு ஏதோ பேசிக்கொண்டிருப்பார். கேட்பவர்கள் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார்கள். பிறகு எங்கிருந்தோ 'அமோங்கா' வரும். வாரத்துக்கு வாரம் அந்த இடைவெளியை நீட்டினார்கள். ஒருமுறை இரண்டு பாதிகளுக்கும் நடுவே வேறொரு காட்சியே நடந்து முடிந்தது. முகம் தெரியாத ஊடகத்தில், வெறும் மௌனத்தை வைத்து ஒரு கூட்டத்தையே சிரிக்க வைக்க முடியும் என்று அவர் கற்றுக்கொண்டது இங்கேதான். கார்ட்டூனில் முயல் அரை நொடி தாமதித்துத் திரும்பிப் பார்க்கும்போது நாம் சிரிக்கிறோமே, அதன் வேர் இந்த ரயில் நிலையம்.

1946-ல் சி.பி.எஸ். வானொலி அவர் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி கொடுத்தது. பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் இளைஞனாக, சொந்தக் குரலில் கதாநாயகன். ஓராண்டில் நின்றுவிட்டது. எதிரில் நின்று அடி வாங்க ஒரு பென்னியோ, கார்ட்டூனில் பக்ஸைத் துரத்தும் எல்மர் ஃபட்டோ இல்லாமல் அவர் கலை முழுதாக எழவில்லை என்றே நினைக்கிறேன்.

1961 ஜனவரி 24 இரவு. சன்செட் பூலவார்டில் 'சாவு வளைவு' என்றே மக்கள் அழைத்த திருப்பத்தில் அவருடைய கார் எதிரே வந்த காரோடு நேருக்கு நேர் மோதியது. இரண்டு கால்களும் இடுப்பெலும்பும் நொறுங்கின, தலையில் பலத்த அடி. இறந்துவிட்டார் என்றே ஒரு பத்திரிகை செய்தி போட்டது. கோமாவில் கிடந்தவரிடம் மனைவியும் மகன் நோயலும் நாள்தோறும் பேசிப் பார்த்தார்கள், அசைவில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒருநாள், லூயி கான்வே என்ற நரம்பியல் மருத்துவர் படுக்கை அருகே வந்து, 'பக்ஸ் பன்னி, இன்றைக்கு எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டார். சற்று நேரம் கழித்து, மெலிந்துபோன ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத முயல் குரலில், நலம்தான் என்று பதில் வந்தது. ட்வீட்டி இருக்கிறதா என்று கேட்டார் மருத்துவர். மஞ்சள் குஞ்சின் குரலும் வந்தது.

பக்ஸ் பன்னி அவர் உயிரைக் காப்பாற்றியது என்று எழுதுபவர்கள் உண்டு. மருத்துவ ரீதியாக அப்படிச் சொல்ல முடியுமா என்பது வேறு. இருபது வருடம் தினமும் இன்னொருவர் தூண்ட, அந்தக் கணமே பாத்திரமாகப் பதில் சொல்லிப் பழகிய ஒரு நடிகரின் பயிற்சி, அறிவு மங்கிய நிலையிலும் கலையாமல் இருந்தது என்பதே என்னைப் பிரமிக்க வைக்கிறது.

தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் தொடர் அப்போது தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பக்கத்து வீட்டு பார்னி ரபிள் அவர். சில பகுதிகளுக்கு நண்பர் டாஸ் பட்லர் அந்தக் குரலில் பேசிக் கொடுத்தார். பிறகு உடல் முழுவதும் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தவரின் படுக்கைக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டார்கள். சக நடிகர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பேசினார்கள். பார்னியின் அந்தச் சிரிப்பைக் கேட்ட எந்தக் குழந்தைக்கும், சிரிக்கும் ஆளால் புரண்டு படுக்க முடியாது என்று தெரிந்திருக்காது. நகராட்சி மீது அவர் ஐந்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். அதற்குப் பின் அந்த வளைவைச் சீரமைத்தார்கள்.

கடைசி வரை வேலை செய்தார். 1988-ல் வந்த ஹூ ஃபிரேம்டு ரோஜர் ராபிட் படத்தில் எண்பது வயதில் பக்ஸ், டாஃபி, ட்வீட்டி எல்லாம் அவர்தான். யோசமிட்டி சாமின் கத்தலை மட்டும் தொண்டை தாங்காது என்று ஜோ அலாஸ்கியிடம் கொடுத்தார்கள். 1989 ஜூலை 10 அன்று லாஸ் ஏஞ்சலீஸில் 81 வயதில் காலமானார். அவர் ஒருவர் செய்த வேடங்களைப் பிறகு பல கலைஞர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

இனி, எனக்கு உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1940களில் அவர் ஷ்லெசிங்கரிடம் சம்பள உயர்வு கேட்டார். மறுக்கப்பட்டது. அப்படியானால் என் பெயரையாவது திரையில் போடுங்கள் என்றார். காசு செலவில்லாத காரியம் என்பதால் முதலாளி ஒப்புக்கொண்டார். கார்ட்டூனுக்குக் குரல் கொடுப்பவர்களின் பெயரைப் போடும் வழக்கமே இல்லாத காலம். 1944 முதல் 'குரல் வடிவம்: மெல் பிளாங்க்' என்று வரத் தொடங்கியது. அந்த ஒற்றை வரியால் நாடு முழுவதும் அவரைத் தெரிந்துகொண்டது, வானொலி வாய்ப்புகள் பெருகின. கேட்டு வாங்கிய அந்த வரியை நான் மனமார மதிக்கிறேன். சிரிப்பு வழக்கில் நீதிமன்றம் தராத அங்கீகாரத்தை அவர் தன் தொழிலில் தானே சம்பாதித்தார்.

ஆனால் அந்த வரி மற்றவர்களுக்கு நீளவில்லை. முயலைத் துரத்தும் எல்மர் ஃபட்டின் அசல் குரல் ஆர்தர் கியூ. பிரயன். 1957-ல் சக் ஜோன்ஸ் எடுத்த வாட்ஸ் ஆபரா, டாக் படத்தைக் கார்ட்டூன் கலையின் சிகரங்களில் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள். அதில் ஈட்டியோடு பாடும் எல்மர் பிரயன்தான். திரையில் குரலுக்கு வரும் பெயர் மெல் பிளாங்க் மட்டும். பிரயன் 1959-ல் இறந்தார். எல்மரையும் பிளாங்க்தான் பேசினார் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அக்காலப் படங்களில் பெண் குரல்களைத் தந்த பீ பெனடெரெட்டுக்கும் இதே கதிதான்.

பெனடெரெட் 1955 வாக்கில் விலகியபோது ட்வீட்டியை வளர்க்கும் பாட்டியின் வேடத்தை ஏற்றவர், முப்பதுகளின் இறுதியில் இருந்த ஒரு பெண். பல படங்களில் அவர் பெயரும் வரவில்லை. அவர் 99 வயது வரை வாழ்ந்தார். கார்ட்டூன் கலைஞர்களுக்காக விருதுகளை உருவாக்கினார், முழுநீள அனிமேஷன் படங்களுக்கு ஆஸ்கரில் தனிப் பிரிவு வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். ஜூன் ஃபோரே. அடுத்த வாரம் அவர் கதை.

(தொடரும்)