வெந்நீர் ஊற்று நண்டு

தைவானின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் குவெய்ஷான் தீவை ஒட்டிய கடலடியில், கந்தக நீர் பொங்கும் துளைகளைச் சுற்றி வாழும் சிறு நண்டு. அறிவியல் பெயர் செனோகிராப்சஸ் டெஸ்டுடினேட்டஸ். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் நண்டியல் அறிஞர் பீட்டர் இங், தைவான் ஆய்வாளர்கள் இருவருடன் சேர்ந்து 2000இல் இதை விவரித்துப் பெயரிட்டார்.

கடலடி வெந்நீர் ஊற்றுகள் நிலத்தட்டுகள் விலகும் இடங்களிலும் எரிமலைப் பகுதிகளிலும் உருவாகின்றன. சிங்கப்பூரின் ஆழமில்லாத கடலில் அவை இல்லை. செம்பவாங்கில் 1909இல் கண்டறியப்பட்ட ஊற்று ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுரந்தாலும் அது நிலத்து ஊற்று. ஆயினும் இவ்வூற்றுகளின் உயிர்களை அறிவதிலும், அவை அமைந்த கடலடிக்கான சட்டத்தை வகுப்பதிலும் இந்நகரத்தின் பங்கு பெரிது.

1977இல் கலாபகசுத் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் என்ற நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் ஊற்றுகளைச் சுற்றி உயிர்கள் செழித்திருக்கக் கண்டார்கள். வெயில் எட்டாத அங்கே நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றல் பெற்று உணவு ஆக்குகின்றன. இரண்டு மீட்டருக்கு மேல் வளரும் ராட்சதக் குழாய்ப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடலுக்குள் வாழும் நுண்ணுயிரிகளே அதற்குச் சோறு. இதை வைத்து, ஊற்று உயிர்களுக்குச் சூரியனே தேவையில்லை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மைதான். புழுவும் அதன் நுண்ணுயிரிகளும் பயன்படுத்தும் ஆக்சிஜன், வெயில்படும் மேற்கடலிலும் நிலத்திலும் ஒளிச்சேர்க்கையால் உண்டானது.

குவெய்ஷான் நண்டு அந்தத் தொடர்பை இன்னும் வெளிப்படையாகக் காட்டுகிறது. இது ஆழ்கடல் உயிரி அன்று. சில பத்து மீட்டருக்குள், முக்குளிப்பவர்கள் எளிதில் எட்டும் ஆழத்தில் வாழ்கிறது. ஓட்டின் அகலம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் விற்கும் சேற்று நண்டின் கொடுக்கு நீளம்கூட அதற்கு இல்லை. துளைகளிலிருந்து வரும் நீர் கடும் அமிலத்தன்மை கொண்டது. சில துளைகளில் வெப்பம் 100 பாகையைத் தாண்டும். மீன்குஞ்சுகளையும் மிதவை உயிரிகளையும் கொல்லும் அந்த நீரருகே, பாறை இடுக்குகளில், ஒரு சதுர மீட்டருக்கு 364 நண்டுகள் வரை எண்ணப்பட்டன.

அத்தனை நண்டுகளும் எதைத் தின்கின்றன? பீட்டர் இங் உள்ளிட்ட மூவர் 2004இல் நேச்சர் இதழில் விடை தந்தார்கள். நீரோட்டம் ஓடும்போது ஊற்றின் நச்சுநீர் பக்கவாட்டில் இழுபட்டுப் போகும்; நண்டுகள் இடுக்குகளை விட்டு வருவதில்லை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர் அசையாமல் நிற்கும் சிறிது நேரத்தில் நச்சுநீர் நேராக மேலெழுகிறது. வழியில் அகப்படும் மிதவை உயிரிகள் செத்து, வெண்துகள்களாகக் கீழே உதிர்கின்றன. அப்போது நண்டுகள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்து, விழுந்ததைப் பொறுக்கித் தின்கின்றன. ஊற்று கொல்கிறது, நண்டு உண்கிறது. உணவோ வெயிலில் வளர்ந்தது.

இந்த நண்டையும் இதன் உறவினங்களையும் தனிக் குடும்பமாகப் பிரித்த ஆய்வு 2007இல் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விலங்கியல் இதழில் வெளிவந்தது. இப்படிப் பெயரிட்டு வகைப்படுத்தும் பணி பலருக்கு வெறும் ஏட்டு வேலையாகத் தோன்றலாம். பெயரில்லாத உயிரை எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் சேர்க்க முடியாது என்பதை நினைத்தால் அதன் எடை தெரியும். இந்தியப் பெருங்கடலின் செதிற்கால் நத்தை ஓர் எடுத்துக்காட்டு. காலில் இரும்புச் சல்பைடு படிந்த செதில்கள் கொண்ட அந்த நத்தை 2001இல் கண்டறியப்பட்டது. முறையான விவரிப்பு 2015இல்தான் வந்தது. 2019இல் அது அழிவுக்கு உள்ளாகும் இனமாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. காரணம், அப்போது அறியப்பட்டிருந்த அதன் மூன்று வாழிடங்களில் இரண்டு கனிம ஆய்வு ஒப்பந்தப் பகுதிகளுக்குள் இருந்தன.

ஊற்றுகள் குவிக்கும் சல்பைடுப் படிவுகளில் செம்பு, துத்தநாகம், தங்கம், வெள்ளி உண்டு. நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடலடியில் இவற்றைத் தேட, ஜமைக்காவில் இயங்கும் அனைத்துலகக் கடலடி ஆணையத்தின் ஒப்பந்தம் வேண்டும். இந்தியா 2016இல் 10,000 சதுர கிலோமீட்டருக்கு அதைப் பெற்றது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் கோவாவின் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் இந்தியப் பெருங்கடலில் ஏறத்தாழ 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கும் ஊற்று ஒன்றைப் படமெடுத்ததாக 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடலடி மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்று வகுத்த 1982 கடல் சட்ட உடன்படிக்கை உருவான மாநாட்டுக்கு, அதன் இறுதிக்கட்டத்தில் தலைமை வகித்தவர் சிங்கப்பூரின் டாமி கோ. நாட்டெல்லைக்கு அப்பாலுள்ள கடலின் உயிர்வளத்தைக் காக்கும் உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தையை 2023 மார்ச்சில் முடித்து வைத்தவரும் சிங்கப்பூரர், ரெனா லீ. அது 2026 ஜனவரி 17இல் நடப்புக்கு வந்தது. ஆனால் கடலடி அகழ்வு அனுமதி ஆணையத்தின் கையிலேயே இருக்கிறது. அதற்கான வணிக விதிகள் 2025இலும் நிறைவேறவில்லை.