ஜம்பையில் எரிந்த விளக்கு: கல்வெட்டிலிருந்து ஒரு கதை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க. "சரித்திரக் கதை எழுத ஆசை, ஆனா ஐடியா எங்கிருந்து வரும்?" இன்னைக்கு அதுக்கு ஒரு பதில் சொல்றேன். கூடவே, அதுல நான் பண்ணின ஒரு தப்பையும் சொல்லிடறேன்.

நாம போகப்போற இடம் கள்ளக்குறிச்சி மாவட்டம். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. மேற்கே கல்வராயன் மலை, வடக்கே தென்பெண்ணை ஆறு. ஆற்றை ஒட்டி மணலூர்ப்பேட்டை, அதற்குப் பக்கத்தில் ஜம்பை என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ல இருக்கிற பாறை மலைக்குப் பேர் என்ன தெரியுமா? ஆளுருட்டி மலை. பேரைக் கேட்ட உடனேயே ஒரு திகில் கதை ஓட ஆரம்பிக்குது இல்ல? யார் யாரை உருட்டிவிட்டாங்க? எதுக்கு?

கொஞ்சம் பொறுங்க. அந்த மலையில் தாசிமடம் என்று மக்கள் சொல்கிற ஒரு குகை இருக்கிறது. 1981-ல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அங்கே ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு வரிதான். சத்தியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் இது என்பது அதன் பொருள்.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்பீங்க. அசோகர் தன்னுடைய பாறைக் கல்வெட்டுகளில் தெற்கே இருந்த அரசுகளைப் பட்டியல் போடுகிறார். சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் எல்லாரையும் நமக்குத் தெரியும். நடுவில் சத்தியபுத்திரர் என்று ஒரு பெயர். இவங்க யாருன்னு ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டினார்கள். ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு வம்சம். கடைசியில் பதில் ஆளுருட்டி மலைக் குகைக்குள்ளே இருந்தது. ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையில் வருவாரே, அதே அதியமான் குடிதான் சத்தியபுத்திரர்.

இப்போ ஒரு கதை எழுதுறவன் கேட்க வேண்டிய கேள்வி வேற. அதியமான் தகடூர்க்காரன். தகடூர்னா இன்றைய தருமபுரி. ஜம்பையோ திருக்கோவிலூர்ப் பக்கம், மலையமான்களோட நாடு. அடுத்தவன் நாட்டுக் குகையை இவன் எப்படி தானமா கொடுத்தான்? சங்கப் பாடல்களில் விடை இருக்கிறது. அதியமான் கோவலூர் மேல் படையெடுத்து ஜெயித்தான். அந்தக் கோவலூர்தான் திருக்கோவிலூர். தென்பெண்ணை தருமபுரிப் பக்கமிருந்து இறங்கி, ஜவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையில் புகுந்து திருக்கோவிலூருக்கு வருகிறது. மேப்பைத் திறந்து பாருங்க. ஒரு படை நடந்து வர்ற வழி கண்ணுக்குத் தெரியும். ஜெயிச்சவன் ஒருத்தன், தோத்தவன் மண்ணுல, சண்டை முடிஞ்ச கையோட குகையைத் தானம் பண்றான். அதைப் பார்த்துக்கிட்டு நிக்கிற உள்ளூர்க்காரன் மனசுல என்ன ஓடியிருக்கும்? நாவலுக்கு இதுவே போதும்.

ஆனா நான் எழுதினது இதை வச்சு இல்ல. அதே ஊர்ச் சிவன் கோயிலில் இருக்கிற ஒரு சோழர் காலக் கல்வெட்டை வச்சு.

அந்தக் கோயிலின் கல்வெட்டுகளை 1906-ல் படியெடுத்தார்கள். அதில் இரண்டு, யாரையும் உட்காரவைத்துவிடும். ஒன்று, வேட்டைக்குப் போன ஒருவன் குறி தவறி இன்னொரு மனிதனைக் கொன்றுவிட்ட வழக்கு. எழுபத்தொன்பது நாட்டு உழவர்கள் கூடிக் குற்றவாளி என்று சொல்லி, கோயிலுக்கு 64 பசுக்கள் கொடுக்கச் சொன்னார்கள். மற்றொன்று, ஒரு பெண்ணின் மரணம். வரி வசூலிக்கும் அதிகாரி ஒருவன் அவளிடம் வரி கேட்கிறான். நான் கட்ட வேண்டியதே இல்லை என்கிறாள். அவன் விடவில்லை, அவளைச் சோதனைக்கு உட்படுத்துகிறான். அவள் விஷம் குடித்துச் செத்துப்போகிறாள். நாலு திசையிலிருந்தும் பதினெட்டு நாடுகளிலிருந்தும் ஆட்கள் கூடி, பழி அவன் மேல்தான் என்கிறார்கள். அந்தப் பாவம் தீர அவன் 32 காசு கொடுத்துக் கோயிலில் விளக்கு எரிய ஏற்பாடு செய்கிறான்.

இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. மறுநாளே எழுத உட்கார்ந்துட்டேன். அங்கதான் சொதப்பினேன். "வரியை வச்சு யார் கதை படிப்பாங்க?"ன்னு நினைச்சு, அதிகாரிக்கு அவ மேல காதல்னு மாத்தினேன். அவ மறுக்குறா, அவன் பழிவாங்குறான், வரி ஒரு சாக்கு. ஒரு சிற்றிதழில் வந்தது. நல்லா இருக்குன்னு பாராட்டினாங்க. எனக்கும் பெருமை.

ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் நான் ஜம்பைக்கே போனேன். ஆமா, போகாமத்தான் எழுதினேன். கோயிலைப் பார்த்துட்டு வெளியே வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்கார அக்கா எங்கிருந்து வர்றேன்னு விசாரிச்சாங்க. கல்வெட்டு பார்க்க வந்தேன்னு சொன்னேன்.

"அந்தப் பொண்ணு கல்வெட்டா? காதலிச்சு ஏமாத்திட்டானாமே அந்த ஆபீசரு. போன்ல வந்துச்சு தம்பி."

எடுத்துக் காட்டினாங்க. 'கல்வெட்டு சொல்லும் காதல் கதை'ன்னு தலைப்பு. கீழே இருந்தது என் கதையோட சுருக்கம். என் பேர் இல்ல, கதைங்கிற வார்த்தையும் இல்ல. வரலாறாவே ஆகியிருந்தது. நான் வர்றதுக்கு முன்னாடியே என் பொய் அந்த ஊருக்கு வந்து சேர்ந்துடுச்சு.

"இல்லக்கா, காதல் எல்லாம் இல்ல. வரிதான். கட்ட வேண்டியதில்லைன்னு சொல்லியும் விடாம கேட்டிருக்கான்"னு சொன்னேன். எழுதினது நான்தான்னு சொல்ல வாய் வரல.

அவங்க டம்ளரைக் கழுவிக்கிட்டே கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க. "எங்க தெருவுல ஒரு பொண்ணு வீட்டுல குழுக் கடனுக்கு வந்து வாசல்லயே உக்காந்துட்டாங்க தம்பி. ரெண்டு நாளு. அது வெளியவே வரல. நாங்கதான் பின்னாடி வழியா சோறு குடுத்தோம்."

அந்த டீயை நான் குடிச்சு முடிக்கல. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கல்வெட்டு அந்த அக்காவுக்கு ஒரு நொடியில் புரிஞ்சுது. எனக்குத்தான் புரியல. சுவாரசியம் இல்லைன்னு நான் தூக்கிப்போட்ட அந்த வரிதான் கதையே.

இதனால கற்பனையே கூடாதுன்னு நான் சொல்ல வரல. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில் ராஜராஜன் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களைச் சொல்லி, அவர்கள் உறவினர்களின் சொத்து பறிபோனதைப் பேசுகிறது. கல்கி அந்தப் பெயர்களை எடுத்து 1950-ல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடரில் உலவவிட்டார். நந்தினி அவருடைய கற்பனை. ஆனா கொலை நடந்ததையோ, கொன்னவங்க பேரையோ அவர் மாத்தல. கல்லுல இருக்கிறதை அப்படியே விட்டுட்டு, இல்லாத இடத்துல நந்தினியைக் கொண்டுவந்தார். நான் கல்லுல இருந்ததை அழிச்சிட்டு அது மேலயே எழுதினேன்.

அன்னைக்குச் சாயங்காலம் கள்ளக்குறிச்சி திரும்பி, மறுநாள் கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலை பஸ் பிடிச்சு கல்வராயன் மலைக்குப் போனேன். கொண்டை ஊசி வளைவுல பஸ் திரும்பத் திரும்ப என் அடுத்த கதையைத்தான் யோசிச்சுட்டு இருந்தேன். அதியமான் படை வருது, மேலே மலைவாழ் மக்கள் ஒளிஞ்சு பார்க்குறாங்க. சூப்பரா இருக்குல்ல? அங்கயும் பிரேக் போட வேண்டியதாச்சு. இன்று அங்கே வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்கள், பேரைப் பார்த்துக் கேரளான்னு நினைக்காதீங்க, தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். அண்ணன் தம்பிகள் மலைக்கு ஒருவராகப் பிரிந்து போனதாகச் சொல்லும் வாய்மொழிக் கதை அவர்களுடையது. அவங்க தங்களைப் பத்திச் சொல்ற கதையை ஓரங்கட்டிட்டு, என் வசதிக்கு அவங்களைச் சங்க காலத்துல நிக்கவைக்க நான் யாரு?

இந்தப் பக்கத்து மலைகளில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல் வைத்த ஈமச் சின்னங்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இவற்றைக் குள்ளர் வீடு என்பார்கள். கல்வீடு சின்னதா இருக்கு, அப்போ இருந்தவங்களும் சின்னவங்களா இருந்திருக்கணும்னு ஒரு கணக்கு. விசித்திரமா ஒண்ணைப் பார்த்துட்டுக் கதை கட்டுறது நாம கண்டுபிடிச்ச வித்தை இல்ல. என்ன, குள்ளர் வீடுன்னு சொன்னவங்க கல்லை இடிக்கல. கல் அங்கேயே இருக்கு. தொல்லியல்காரங்க பின்னாடி வந்து அது கல்லறைன்னு சொல்ல முடிஞ்சுது.

அதனால உங்களுக்கு மூணே விஷயம். ஒண்ணு, கண்டுபிடிப்பு என்ன சொல்லுதுன்னு முதல்ல ஒரு தாள்ல எழுதுங்க, அதைத் தொடாதீங்க. ரெண்டு, எழுதறதுக்கு முன்னாடி அந்த ஊருக்குப் போய் ஒரு டீ குடிங்க. மூணு, கதை முடிஞ்சதும் எது கல்வெட்டு, எது உங்க கற்பனைன்னு நாலு வரி கீழே சேருங்க. ஃபார்வர்டு பண்றவங்க அதை வெட்டிடுவாங்க, தெரியும். இருந்தாலும் சேருங்க.

நான் அந்தக் கதையைத் திருப்பி எழுதிக்கிட்டு இருக்கேன். இந்தத் தடவை காதல் இல்ல. 32 காசு கட்டினப்புறம், முதல் நாள் சாயங்காலம் விளக்கேத்த வர்ற ஆளோட பார்வையில போகுது. யாருக்காக இந்த விளக்குன்னு அவனுக்குத் தெரியும். அவன் தெருக்காரிதான் அவ. இந்தத் தெரு மட்டும் கல்வெட்டுல இல்ல, நான் சேர்த்தது. எழுதி முடிச்சதும் முதல் பிரதியை எடுத்துக்கிட்டு அந்த டீக்கடைக்குத்தான் போகணும். போன தடவை சொல்லாம வந்ததையும் அந்த அக்காகிட்ட சொல்லணும்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.