ஊடுகதிர் உறிஞ்சலாய்வில் பூரியர்ச் சாளரம்: மன்னார் இல்மனைற்றை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மன்னார்த் தீவின் கரையோர மணலிற் செறிந்துள்ள, இரும்பும் தைத்தேனியமும் கொண்ட இல்மனைற்று, நீண்டகால வானிலைத் தாக்கத்தால் தன் இரும்பைச் சிறிதுசிறிதாக இழந்து, லியுகொக்சீனாகவும் பின்னர் றூற்றைலை ஒத்த பொருளாகவும் திரியும் இயல்பினது. மணற்பருக்கை ஒன்றில் இத்திரிபு எந்நிலையை எய்தியுள்ளதென்பதை, தைத்தேனிய அணுவைச் சூழ்ந்த ஒட்சிசன் அணுக்களின் தூரம் உணர்த்தும். அத்தூரத்தை ஊடுகதிர் உறிஞ்சலால் அளக்கும் முறையில், பூரியர் உருமாற்றத்திற்கு இடப்படும் சாளரம், அதாவது தரவின் எப்பகுதி எவ்வெடையோடு கணக்கிற் கொள்ளப்படும் என்பதை வரையறுக்கும் சார்பு, பற்றிய சிந்தனை வடிவத்திலிருந்து வீச்சுக்குப் பெயர்ந்த வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறிஞ்சல் விளிம்பை அடுத்துத் தோன்றும் நுண்ணலைவுகளை 1920இல் பிரிக் கண்டார். 1931இல் குரோணிக் அவற்றுக்குப் பளிங்கின் நெடுந்தூர ஒழுங்கைக் காரணமாக்கினார். மறு ஆண்டே மூலக்கூறுகளுக்கு அண்டை அணுக்களைக் கொண்டு வேறொரு விளக்கமும் தந்தார். இவற்றுள் எது மெய்யென்னும் மயக்கம் நாற்பதாண்டு நிலவிய பின், 1971இல் சேயர்ஸ், ஸ்டேர்ன், லைட்டில் ஆகிய மூவரும் அவ்வலைவுகளைப் பூரியர் முறையில் உருமாற்றி, ஒரே தூரத்தில் அமைந்த அண்டை அணுக்களின் ஒவ்வோர் ஓடும் ஒரு சிகரமாக எழுவதைக் காட்டி, அண்டை அணுக்களின் பக்கமே நியாயத்தை நிலைநாட்டினர்.

ஆயினும் எந்த அளவீடும் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடிவதாதலின், அவ்வெல்லைகளிற் சடுதியாக வெட்டினால் இல்லாத அணுக்களைப்போற் பொய்ச்சிகரங்கள் தோன்றும். அதனைத் தணிக்கவே, ஓரங்களை மெல்லச் சரிக்கும் ஹான், கைசர் முதலியோர் பெயர் தாங்கிய சாளரங்கள் கைக்கொள்ளப்பட்டன. பின்னர் கோட்பாட்டு வளைவை அளந்த வளைவோடு பொருத்தும் வழக்கம் வேரூன்றியபோது, இரண்டுக்கும் ஒரே சாளரம் இடப்படுவதால் அது விளைக்கும் திரிபும் இருபுறமும் ஒத்தமைய, வடிவத்தின் முக்கியத்துவம் குன்றி, வீச்சே பிரதானமாயிற்று. வெளியேறும் ஒளியெலக்ட்ரானின் அலையெண் வீச்சையும் தூர வீச்சையும் பெருக்கி, இருமடங்காக்கி, பையால் வகுத்து, இரண்டைக் கூட்டினால் வரும் தொகையே தரவிலுள்ள சுயாதீனத் தகவல்களின் எண்ணிக்கையென ஸ்டேர்ன் 1993இல் வரையறுத்தார்.

இதனை இல்மனைற்றிற் பொருத்திக் காண்போம். அதன் தைத்தேனியத்தைச் சூழ மூன்று ஒட்சிசன் 1.87 அங்ஸ்ட்ரத்திலும் மூன்று 2.09 அங்ஸ்ட்ரத்திலும் உள்ளன. அலையெண்ணை அங்ஸ்ட்ரத்தின் தலைகீழ் அலகில் 3 முதல் 11 வரை கொண்டால், பிரித்தறியத்தக்க இடைவெளி ஏறத்தாழ 0.20 அங்ஸ்ட்ரம், ஆகவே இவ்விரு தூரங்களும் மட்டுமட்டாகப் பிரியும். மேலெல்லையை விருப்பம்போல் நீட்டவும் இயலாது: மணலில் வனேடியம் சிறிது கலந்திருப்பினும் அதன் விளிம்பு 5465 எலக்ட்ரான் வோல்ட்டில், அதாவது அலையெண் 11.4 அளவில் குறுக்கிடும். தூர வீச்சை 1.0 முதல் 2.2 அங்ஸ்ட்ரம் வரை கொண்டால் சுயாதீனத் தகவல்கள் எட்டே. இரு ஓடுகளின் எண்ணிக்கை, தூரம், ஒழுங்கின்மை ஆகிய ஆறோடு ஆற்றல் திருத்தத்தையும் ஒருங்கே வினவினால் ஏழாகிவிடும். எட்டில் ஏழும் செலவாவதால், அணுக்களின் எண்ணிக்கையைப் பளிங்கியலிலிருந்து நிலைநிறுத்துவதே விவேகம். றூற்றைலிலோ 1.95, 1.98 அங்ஸ்ட்ரம் என்னும் இரு தூரங்களின் பேதம் மிகச் சிறிதாதலால், சராசரி ஒன்றையே நேர்மையாகக் கூறலாம்.

எனவே, மன்னார் மணலை நாளை இந்தூரின் இண்டஸ்-2 ஒளிமூலத்தில் வைத்து அளப்போர், சாளர எல்லைகளைச் சற்றே நகர்த்தியும் முடிவு மாறாதிருத்தலைச் சோதித்து, அவ்வெல்லைகளை முடிவோடு சேர்த்தே வெளியிடுதல் கடன். சாளரம் தகவலைப் படைப்பதில்லை. தரவிடம் எத்தனை வினாக்கள் கேட்கலாம் என்பதையே அது வரையறுக்கிறது.